சரியான டூல் வரட்டும்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள், வேலை செய்யாதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று இதுவரை நினைத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. இவர் சோம்பேறி இல்லை. சோம்பேறியைக் கண்டால் இவருக்கே எரிச்சல் வரும். விடிந்ததிலிருந்து கண் சிவக்கச் சிவக்க உழைக்கிறவர். எதற்காக உழைக்கிறார்? ஒரு வேலையைச் செய்வதற்கு எந்தக் கருவி சரியானது என்று கண்டுபிடிப்பதற்காக. வேலை போட்டது போட்டபடி கிடக்கும். கருவி மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இவருக்குக் கருவித்தேடி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சுத்தியலைத் தேடுவீர்கள், கிடைக்காவிட்டால் அம்மிக்குழவியை எடுப்பீர்கள். கருவித்தேடி அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டார். சுவருக்குள் இருப்பது செங்கல்லா, சிமெண்ட் பிளாக்கா என்று முதலில் கேட்பார். வீட்டுக்காரர் தெரியாது என்பார். தெரியாமல் எப்படி டிரில் வாங்குவது? டிரில்லில் அடித்துக்கொண்டே சுற்றுவது ஒன்று, வெறுமனே சுற்றுவது ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று, கம்பியில் ஓடுவது ஒன்று என்று நான்கையும் ஒப்பிட்டு, நாற்பது பேர் எழுதிய நிறை குறைகளைப் படித்து, அதில் நட்சத்திரம் குறைத்துப் போட்டவன் ஏன் குறைத்தான் என்று அவனுக்கே எழுதிக் கேட்டு, அவன் பதில் சொல்வதற்குள் வருடம் முடிந்து, மாட்ட வேண்டிய காலண்டர் தரையில் சாய்ந்தபடியே பழசாகி, அடுத்த வருடத்துக் காலண்டரும் வந்து அதன்மேல் சாய்ந்திருக்கும்.

குறை சொல்ல முடியாது. சொன்னால் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். "செய்யறதுன்னா சரியா செய்யணும்." இதை எந்த மனிதன் மறுப்பான்? மறுக்க முடியாத வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்தான் இந்த இனத்தின் உயிர் இருக்கிறது.

நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, தேவனேரியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். பெயர் தாமோதரன். வயது முப்பத்து மூன்று. மானாமதிப் பக்கத்தில் நெல்லும் தர்பூசணியும் போடுகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில், ஏதோ தூர தேசத்து இன்சூரன்ஸ்காரனின் மென்பொருளில் இருக்கும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறான். படித்த நான்கு வருடத்தில் லேத் மெஷினைத் தொட்டது நான்கு தடவை. நான்கு தடவையும் லேப் அசிஸ்டென்ட் பக்கத்தில் நின்று, "தம்பி, நீ தள்ளி நின்னு பாரு" என்றார். இவனும் தள்ளி நின்று பார்த்தான். இன்றுவரை தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதல் பட்டதாரி ஆவது சின்ன விஷயம் இல்லை. ஒரு குடும்பமே தோள் கொடுத்து ஒருவனை மேலே ஏற்றிவிட்டிருக்கிறது. ஏறியவன், கீழே விழுந்த நட்டைக் குனிந்து எடுப்பது தன் படிப்புக்கு இழுக்கு என்று நினைத்தால் அது பட்டத்தின் குற்றம் ஆகாது. ஏறியவனின் குற்றம்.

நட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் கார்.

கார் தாமோதரனுடையது இல்லை. அவன் மனைவி தமிழ்ச்செல்வியுடையது. அவள் பிசியோதெரபிஸ்ட். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பக்கவாதம் வந்து வீட்டில் படுத்திருப்பவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க அவளை வீடு வீடாக அனுப்புகிறது. கடற்கரை ரூட் அவளுடையது. தேவனேரியிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எட்டு பேர். தசைக்கு மின்சாரம் கொடுக்கும் மெஷின் ஒன்றைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால், சொந்த வண்டி இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை.

அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கழுவுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தாள் தமிழ்ச்செல்வி. பிரேக்கை மிதித்தால் புளித்த மாவில் கால் வைத்ததுபோல் பொதபொதவென்று கீழே போனது. கேட்டில் மோதாமல் கை பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டாள். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கப் பின்சக்கரத்தின் ஓரம் எண்ணெய் தேங்கியிருக்கிறது. பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஏசுபாதத்துக்கு உடனே போன் போட்டாள். வந்தவன் தரையில் ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்து, விரலெல்லாம் துருவோடு வெளியே வந்தான்.

"உப்புக் காத்து தின்னுட்ச்சிக்கா. பின்னாடி போற பிரேக் பைப்பு தொட்டாலே உதுருது. பைப்பு வாங்கியாந்து வெட்டி, வாய மடிச்சி மாட்டிட்டன்னா முடிஞ்சிச்சி. அரை அவரு வேல. நாளிக்கு வரவா?"

"வா" என்று சொல்ல தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் தாமோதரன் முன்னால் வந்தான். கழுத்தில் துண்டு, கையில் போன்.

"வாய மடிக்கிறதுன்னா, டபுள் ஃப்ளேரா, பபிள் ஃப்ளேரா?"

பிரேக் எண்ணெய் ஓடுகிற இந்தக் குழாய் பென்சிலைவிட மெல்லியது. அதன் இரண்டு முனைகளையும் விரித்து மடித்து, வாய் போல ஆக்கி, நட்டுப் போட்டு இறுக்கினால்தான் ஒழுகாது. அந்த வாயை இரண்டு விதமாக மடிக்கலாம். அந்த இரண்டு விதத்துக்கும் உள்ள இங்கிலீஷ் பெயரைத்தான் தாமோதரன் ஒரு நிமிடம் முன்பு போனில் பார்த்திருந்தான்.

ஏசுபாதம் விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டான். "பேரெல்லாம் தெரியாது சார். பழைய பைப்புல இன்னா வாயி கீதோ அதே வாயி மடிப்பேன். லீக் ஆவாது. அது மட்டும் தெரியும்."

தாமோதரன் காதில் விழுந்தது 'தெரியாது' என்ற ஒரு சொல்தான்.

"வேணாம்பா. நானே பண்ணிக்கிறேன். மெக்கானிக்கல் படிச்சவன் வூட்டு வண்டிக்கு நானே பைப்பு பண்ணலன்னா அப்பறம் இன்னாத்துக்குப் படிச்சேன்?"

தன் ஆபரேஷனைத் தானே செய்துகொள்கிறேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல் தமிழ்ச்செல்வி அவனைப் பார்த்தாள். "எத்தினி நாளாவும்?"

"ரெண்டு நாளு. டூல் வந்துட்ச்சின்னா ரெண்டே அவரு."

ஏசுபாதம் சாக்கை உதறினான். "வந்தா சொல்லு சார். நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

அன்றைக்குத் தொடங்கியது ஆராய்ச்சி.

குழாய் வாயை மடிக்கும் டூல்களில் நான்கு சாதி இருப்பதைத் தாமோதரன் முதல் வாரத்தில் கண்டுபிடித்தான். இரண்டு பட்டைக்கு நடுவே குழாயைக் கவ்வி, மேலிருந்து திருகி நசுக்குவது ஒன்று. மலிவு, ஆனால் பிடி நழுவி வாய் கோணிவிடும் என்று கனடாவில் ஒருவர் அழுதிருந்தார். வைஸ் என்கிற இரும்புக் கவ்வியில் மாட்டி வைத்துக் கைப்பிடியை இழுத்து மடிப்பது ஒன்று. வாய் வார்த்த மாதிரி வரும், ஆனால் வண்டிக்கு அடியில் கொண்டுபோக முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது ஒன்று. எந்தக் குழாயையும் மடிக்கும், இந்தியாவில் எந்த வண்டியிலும் இல்லாத குழாயைக்கூட. கைக்கு அடக்கமாக, அடியில் படுத்தபடியே மடிப்பது ஒன்று. ஒரே ஒரு அளவுதான். தமிழ்ச்செல்வியின் வண்டிக்கு வேண்டியதும் அந்த ஒரே அளவுதான். ஆனால் நாளைக்கு வேறு வண்டி வாங்கினால்?

இந்த நான்கையும் அவன் எக்செல்லில் போட்டான். பதினேழு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம். கம்பெனி பஸ்ஸில் தையூர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு முழுவதும் விளக்கிவிடுவான். இரண்டாம் நாளிலிருந்து அவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஏறினார்.

இதில் இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். டபுளா பபிளா என்ற கேள்விக்குப் பதில் வண்டிக்கு அடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய குழாயின் முனையைக் கழற்றிப் பார்த்தால் ஒரே நிமிடம். தாமோதரன் அடியில் போகவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, தாங்கு கால்கள் வேண்டும் என்று படித்திருந்தான். சரிதான், போகக் கூடாதுதான். அதனால் தாங்கு கால்களில் எது சிறந்தது என்று தனியாக ஒரு எக்செல் திறந்தான்.

தமிழ்ச்செல்வி பஸ்ஸில் போனாள். ஈசிஆரில் ஒரு பஸ், இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ, பிறகு நடை. மடியில் மெஷின். எட்டு பேரில் ஒரு நாளைக்கு நான்கு பேரைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள வண்டி ரெடியாகணும்மா. இல்லன்னா கடற்கரை ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்" என்றார். அதே நாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஜெகதாம்பாளும் போன் செய்தாள். ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தவள், போன மாதம்தான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக எழுந்து நின்றிருந்தாள்.

"இன்னா கண்ணு, இன்னிக்கும் வர்லியா? காலு திரும்பவும் கட்ட மாரி ஆயிகினு வருது."

போனை வைத்துவிட்டுத் தமிழ்ச்செல்வி கூடத்துக்கு வந்தாள். தாமோதரன் லேப்டாப்பில் ஒரு வெள்ளைக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை குழாய் மடித்துக்கொண்டிருந்தது.

"ஏசுபாதத்த கூப்புடட்டா?"

"அவன் வெச்சிக்கிறது அந்தப் பட்ட டூலு செல்வி. நழுவும்."

"அவனுக்கு நழுவுனத நீ பாத்தியா?"

"பாக்கணும்னு இல்ல. பிரேக்கு இது. உயிர் விஷயம். செய்யறதுன்னா சரியா செய்யணும்."

"உயிர் விஷயம்னுதான் நானும் சொல்றேன். அந்தம்மா காலு மடங்கிப் போச்சின்னா உன் எக்செல்லு வந்து நீட்டுமா?"

தாமோதரன் வீடியோவை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தான். இந்த இனத்தில் இதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பது.

அவனுக்குத் துணை இல்லாமல் இல்லை. 'நம்ம வண்டி நம்ம கை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பத்து பேர். அதில் தலைமை நீதிபதி, கூடுவாஞ்சேரி பிரவின்குமார். அவரிடம் குழாய் மடிக்கும் டூல் மூன்று இருக்கிறது. மூன்றும் துளி எண்ணெய் படாமல், வாங்கிய நாள் மாதிரியே பளபளக்கின்றன. கார் இருக்கிறதா? இருந்தது. மூன்றாவது டூலை வாங்குவதற்கு முன்னால் விற்றுவிட்டதாகப் பேச்சு. அவரிடம்தான் தாமோதரன் கேட்டான், வைஸில் மாட்டுகிற வகையில் இரண்டு கம்பெனி மிச்சம், எதை வாங்குவது என்று. பிரவின்குமார் பதினோரு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். கேட்டு முடித்தபோது மிச்சம் ஐந்து கம்பெனி ஆகியிருந்தது.

ஐந்து மறுபடியும் இரண்டாகி, இரண்டில் ஒன்று கடைசியில் வீடு வந்து சேர்ந்தது. மூன்றாம் வாரம் ஆகிவிட்டது. தமிழ்ச்செல்விக்கு மூச்சு வந்தது. தாமோதரன் பெட்டியைப் பிரித்து, நுரைமெத்தையில் படுத்திருந்த டூலைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்லிய எண்ணெய் தடவி, மறுபடி மெத்தையில் படுக்க வைத்தான்.

"இன்னாத்துக்கு உள்ள வெக்கிற?"

"வைஸ் வேணுமில்ல."

வைஸ் வந்தது. வைஸை எங்கே மாட்டுவது? கனமான மேஜை வேண்டும். மேஜை வந்தது, பலகை பலகையாக, முடுக்குவதற்கு ஒரு ஆலன் கீயையும் இனாமாக வைத்து அனுப்பியிருந்தார்கள். "இனாம் கீ எல்லாம் ஒரே திருகுல மழுங்கிடும்" என்று தாமோதரன் ஆலன் கீ செட்டுகளை ஆராயப் போனான். தமிழ்ச்செல்வி அந்த இனாம் கீயை எடுத்து, ஒரு மணி நேரத்தில் மேஜையை முடுக்கி நிறுத்தினாள். அவன் வந்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. "இப்ப ஆடாது. போகப் போகத் தெரியும்" என்றான்.

நான்காம் ஞாயிறு. மாதக் கடைசிக்கு மூன்று நாள். அன்றைக்கு வேறு வழியே இல்லை. வாங்க வேண்டியது ஒன்றுகூட மிச்சமில்லை. தாமோதரன் கையுறை போட்டான், கண்ணாடி போட்டான், போனை மூன்று கால் நிறுத்தியில் வைத்து வீடியோவை ஓடவிட்டான். பழைய குழாயைக் கழற்றிப் பார்க்கத்தான் மனம் வரவில்லையே தவிர, எந்த வண்டிக்கு எந்த வாய் என்று கம்பெனி புத்தகத்தைத் தேடிப் பிடித்து டபுள்தான் என்றும் நீளம் இவ்வளவு என்றும் தீர்த்திருந்தான். அளந்தான். வெட்டினான். வெட்டிய முனையின் பிசிறை நீக்கினான். டூலில் கவ்வி, கைப்பிடியை இழுத்தான்.

வந்த வாய் அழகாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வட்டம் வட்டமாகவே இருந்தது. இன்னொரு முனையையும் மடித்தான். அதுவும் அப்படியே. நான்கு வாரத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் வேர்வை தெரிந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டான். நாற்பத்து மூன்று இதயங்கள் வந்து விழுந்தன. பிரவின்குமார், "கலை" என்று ஒரே சொல் எழுதினார்.

தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குழாயை எடுத்து, இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள். பிறகு மேஜையில் விரித்திருந்த பேப்பரைப் பார்த்தாள். அதன்மேல் இரண்டு சின்ன நட்டுகள் அக்கா தங்கைபோல் உட்கார்ந்திருந்தன.

"இந்த ரெண்டு நட்டு?"

தாமோதரன் ஒரு நட்டை எடுத்து, மடித்த வாயில் வைத்து அழுத்திப் பார்த்தான்.

நட்டைக் குழாயில் கோத்துவிட்டுத்தான் வாயை மடிக்க வேண்டும். மடித்த வாய்தான் நட்டு கழன்று போகாமல் தடுக்கும் தடுப்பு. மடித்த பிறகு அந்த வாய் வழியாக நட்டு நுழையாது. எத்தனை பட்டம் வாங்கியவன் தள்ளினாலும் நுழையாது.

"அது அடுத்த ஸ்டெப்பு" என்றான் தாமோதரன்.

"அடுத்த ஸ்டெப்புல நட்டு பெருசாவுமா?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அந்த வசதியைக்கூட அவள் கொடுக்கவில்லை. அவன் ஒரு முனையை வெட்டி, நட்டுகளைக் கோத்து, மறுபடி மடித்தான். குழாய் நான்கு விரல் குட்டையாகிவிட்டது. கைவசம் இருந்த அடுத்த குழாயை எடுத்தான். இந்தத் தடவை நட்டை மறக்கவில்லை. முதலிலேயே இரண்டையும் கோத்துவிட்டான். ஆனால் குழாயில் இரண்டு நட்டும் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு முனையைப் பார்த்து நிற்க வேண்டும். இவன் கோத்ததில் ரேஷன் கடை வரிசை மாதிரி இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. அதுவும் இரண்டு முனையையும் மடித்த பிறகுதான் தெரிந்தது. குழாய் தீர்ந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? தலையில் அடித்துக்கொண்டு, பூஞ்சேரிக்குப் போன் செய்வான். கருவித்தேடி அப்படி விழுகிறவன் இல்லை. தாமோதரன் கையுறையைக் கழற்றி, டூலைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி உற்றுப் பார்த்தான்.

"டூல்லதான் எதோ கீது" என்றான்.

"இன்னா கீது?"

"ஒரு நூல் அளவு கோணலு. கண்ணுக்குத் தெரியாது. இத்த குப்பைலதான் போடணும்."

குழுவில் எழுதினான். பிரவின்குமார் தனக்கு அந்த டூல்மேல் முதலிலிருந்தே சந்தேகம் உண்டு என்றார். காலையில் 'கலை' என்று எழுதிய அதே விரலால்.

செவ்வாய்க்கிழமை. அடுத்த நாள் மாதக் கடைசி. தாமோதரனுக்கு அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. பதினோரு மணிக்கு அறைக்குள் உட்கார்ந்து, பதினாறு பேர் பார்க்கும் கூட்டத்தில் தன் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம். திரும்பினான். சுருட்டிய குழாயை மாலைபோல் தோளில் மாட்டிக்கொண்டு ஏசுபாதம் இறங்கிக்கொண்டிருந்தான். தமிழ்ச்செல்வி கேட்டைத் திறந்தாள்.

எழுந்து போக முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏசுபாதம் முதலில் வண்டிக்கு அடியில் போய், பழைய குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தான். முனையைப் பார்த்தான். ஒரு கயிற்றால் நீளத்தை அளந்தான். தன் பையிலிருந்து பழைய பட்டை டூலை எடுக்கப் போனவன், மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"யக்கா! இன்னா டூலுக்கா இது! இத்த வூட்ல வெச்சினா பஸ்ல போய்கினு கீற?"

"அது கோணலாம். குப்பைலதான் போடணுமாம்."

"கோணலா? யார் சொன்னது?"

அவன் அதை வைஸில் கவ்வ வைத்தான். கையைத் துடைக்கவில்லை. எண்ணெய் தடவவில்லை. கூடவே வந்த இருபத்து நான்கு பக்கக் கையேட்டைத் தரையில் போட்டு அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு குழாயை வெட்டினான். ஜன்னலுக்கு உள்ளே தாமோதரனின் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோனது.

"தாமோதரன், உங்க பக்கம் ஏதாவது தடங்கல் இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் சரியா போய்கினு இருக்கு."

வெளியே எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏசுபாதம் முதலில் நட்டுகள் இரண்டையும் கோத்தான், முதுகோடு முதுகாக. ஒரு முனை, இரண்டு இழுப்பு. மறு முனை, இரண்டு இழுப்பு. சோடா பாட்டிலில் வைத்துக் குழாயை வளைத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். பிறகு குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்ற, தமிழ்ச்செல்வியை வண்டியில் உட்காரச் சொன்னான்.

"அமுக்குக்கா... புடி... வுடு. இன்னொருக்கா. அமுக்கு... புடி... புடிச்சினே இரு... வுடு."

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அரை மணி என்றவன் பத்து நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டான். அதில் பாதி, டூலை ரசித்த நேரம். தமிழ்ச்செல்வி ஈசிஆர் வரை போய்த் திரும்பி, கேட்டுக்கு முன்னால் மிதித்தாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே இறங்காமல் ஆஸ்பத்திரி மேனேஜருக்குப் போன் செய்து, "வண்டி ரெடி சார்" என்றாள்.

கூட்டம் முடிந்து தாமோதரன் வெளியே வந்தபோது ஏசுபாதம் போய்விட்டிருந்தான். தாமோதரன் வெட்கப்பட்டான் என்று எதிர்பார்க்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துவந்து, குனிந்து, பின்சக்கரத்து ஓரம் அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நிமிர்ந்தவன் முகம் பரீட்சையில் தேறியவன் முகமாக இருந்தது.

"பாத்தியா செல்வி? நான் சொன்னேன்ல? டூல் சரியா இருந்தா வேல தானா சரியா வரும்."

ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போக வேண்டியிருந்தது எது? அதே டூல். அதைப் பற்றி அவனுக்கு நினைவே இல்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டான். 'ஒரு மாத ஆராய்ச்சி வீண்போகவில்லை' என்று கீழே எழுதினான். அறுபது இதயங்கள். செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குழுவில் அப்படியொரு கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை.

தமிழ்ச்செல்வி மெஷினைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "டூல ஏசுபாதத்துக்குக் குடுத்துட்டேன்."

"இன்னாது?"

"கூலி இன்னா வேணும்னேன். ஒண்ணும் வாணாங்கா, இந்த மாரி டூலுல ஒரு பைப்பாவது பண்ணனே, அது போதும்னான். எடுத்துகினு போன்னு குடுத்துட்டேன். வைஸையும் கழட்டிக் குடுத்துட்டேன்."

தாமோதரன் மேஜையைப் பார்த்தான். வைஸ் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். கண்கள்கூட லேசாகக் கலங்கின. தமிழ்ச்செல்விக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. அவள் கார் கதவைச் சாத்தி, சாவியைத் திருகுவதற்குள் அந்த முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளிந்து, மலர்ந்தது. அவன் போனை எடுத்தான்.

"போனா போவுது வுடு" என்றான் கார் ஜன்னலில் குனிந்து. "அந்த இன்னொரு கம்பெனில போன வாரம் புது மாடல் வந்துகீது. அத்த நான் சரியா பாக்கவே இல்ல."

அவள் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டாள். அன்று இரவுக்குள் எட்டு பேரையும் பார்த்தாள். கடற்கரை ரூட் அவளிடமே இருந்தது. கடைசி வீடு சதுரங்கப்பட்டினம். ஜெகதாம்பாளின் முழங்கால் நன்றாகவே இறுகியிருந்தது. அதை இளக்கி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவள் கட்டிலைப் பிடித்து எழுந்து, கட்டிலை விட்டு, முழுசாக ஒரு நிமிடம் நின்றாள். நான்கு வாரத்துக்கு முன்னால் இதேபோல் கட்டிலை விட்டு இரண்டு நிமிடம் நின்றவள்.

கதை அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து, போன இன்னொரு நிமிடத்தையும் நினைத்து உங்களுக்குச் சுருக்கென்றிருந்தால் நல்லது; தாமோதரனைத் திட்டிக்கொண்டே உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். உங்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் உங்களில் சிலர் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. திரும்ப மேலே போய், மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்த அந்த டூல் எந்தக் கம்பெனி என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதவில்லை. எழுதவும் மாட்டோம். உங்கள் வீட்டில் யாராவது பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறார்களா, போய்ப் பாருங்கள்.